ஹால்வாரின் சாம்பல் நிறப் படம்

மோல்டே நகர நூலகத்தில் நடந்த ஓவியக் கண்காட்சியில் எல்லாரும் ஒரு படகுப் படத்தின் முன்னால்தான் கூடி நின்றார்கள். நீலக் கடல், சிவப்புப் படகு, மேலே ஒரு வெள்ளைப் பறவை. கீழே ஒட்டியிருந்த சீட்டில் ‘ஹால்வார்’ என்று எழுதியிருந்தது.

“பிரமாதம் ஹால்வார்! கலக்கிட்டீங்க!” என்று அவர் தோளைத் தட்டினார்கள்.

சக்கர நாற்காலியில் இருந்த ஹால்வார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற சிறுமி இங்வில் தரையைப் பார்த்தாள். அந்தப் படகை வரைந்தது அவள். அது அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

இங்வில்லுக்குப் பதினொரு வயது. அவள் வகுப்புப் பிள்ளைகள் புதன்கிழமைதோறும் மாற்றுத்திறனாளிகளின் பகல்நேர இல்லத்துக்குப் போய், ஆளுக்கு ஒருவரோடு உட்கார்ந்து படம் வரைவார்கள். இங்வில்லுக்குக் கிடைத்தவர் ஹால்வார். வயது நாற்பத்து மூன்று. பிறந்ததிலிருந்தே அவருடைய கைகால்கள் சொன்னபடி கேட்காது. பேச்சும் வராது. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். அந்தக் கையில் தூரிகையைப் பட்டையால் கட்டிவிட வேண்டும். ‘ஆமாம்’ என்றால் கண்களை மேலே உயர்த்துவார். ‘இல்லை’ என்றால் மூடிக்கொள்வார்.

ஒரு மணி நேரத்தில் அவர் இரண்டு கோடு போடுவார். சில நாள் ஒன்று. எல்லாமே சாம்பல் நிறம்.

“உங்க ஆளு இன்னும் மழையே வரைஞ்சிட்டிருக்காரா?” என்று வகுப்புத் தோழன் சீவர்ட் கிண்டல் செய்வான். “எனக்குக் கிடைச்ச பாட்டி பதினொரு பூனை முடிச்சிட்டாங்க. அதுல ரெண்டுக்கு வால்கூட இருக்கு!”

கண்காட்சிக்கு முந்தின வாரம், ஹால்வார் வண்டியேறிப் போன பிறகு இங்வில் அவர் வரைந்துவந்த மரப்பலகையை இழுத்து, தூரிகையை எடுத்தாள். கொஞ்சம் நீலம் மட்டும் என்றுதான் நினைத்தாள். நீலம் வந்ததும் ஒரு படகு இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றியது. பறவையும் வந்து முடிந்தபோது பலகையில் ஒரு சாம்பல் கோடுகூட மிஞ்சவில்லை.

கண்காட்சி முடிந்த அடுத்த புதன்கிழமை, ஹால்வார் மேசைக்கு வரவில்லை. ஜன்னலோரமாகத் தனியே இருந்தார்.

“இன்னிக்கு வேணாமாம்” என்றார் இல்லத்தில் வேலை செய்யும் பெரித். “உடம்பு சரியில்லையோ என்னமோ.”

இங்வில் அவரிடம் போய் நின்றாள்.

“நான் செஞ்சது தப்பு. உங்க படத்து மேல நான் வரைஞ்சிருக்கக் கூடாது. எல்லார்கிட்டயும் சொல்லிடட்டுமா?”

அவர் கண்கள் மேலே உயர்ந்தன.

சொன்னாள். வகுப்பு முழுவதும் கேட்கும்படி சொன்னாள். நூலகத்துக்கும் போய்ச் சொல்லி, படத்தைக் கழற்றிக்கொண்டு அவரிடம் வந்தாள்.

“படகைச் சுரண்டி எடுத்துடவா? கீழே உங்களோடது இருக்கும்ல?”

கண்கள் மீண்டும் உயர்ந்தன.

உப்புத்தாளால் தேய்த்தாள். பறவை போயிற்று. படகு போயிற்று. நீலத்தோடு சேர்ந்து சாம்பல் கோடுகளும் தூளாக உதிர்ந்தன. கடைசியில் வெறும் மரப்பலகைதான் மிச்சம்.

“போயிடுச்சு” என்றாள் இங்வில். கண்ணீர் பலகையில் சொட்டியது. “அது என்ன படம்? கடலா?”

கண்களை மூடினார்.

“மழையா? ரோடா? பனியா?”

மூடினார். மூடினார். மூடினார்.

அதற்கு மேல் என்ன கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் எதுவும் கேட்காதபோதே ஹால்வார் மறுபடி கண்களை மூடிக்கொண்டார். அன்று திறக்கவேயில்லை.

அடுத்த வாரம் மேசைக்கு வந்தார். ஆனால் தூரிகையைக் கட்ட விடவில்லை. விரல்களை இறுக மூடிக்கொண்டார். இங்வில் சாம்பல் நிறம் குழைத்து வைத்தாள். அது காய்ந்து போயிற்று. கிண்ணத்தைக் கழுவினாள். அதற்கடுத்த வாரமும் அப்படியே.

“வேற ஆளை மாத்திக் கேளேன்” என்றான் சீவர்ட். இந்த முறை அவன் கிண்டல் செய்யவில்லை.

“மாட்டேன்.”

“அவருதான் உன்னைப் பார்க்கவே மாட்டேங்கறாரே.”

“தெரியுது.”

அன்று வீட்டுக்குப் போனதும் பையை வீசி எறிந்தாள். “நான் இனிமே அங்க போக மாட்டேன்ப்பா. அவருக்கு என்னைப் பிடிக்கல. பிடிக்கவும் பிடிக்காது.”

“சரி, போகாதே” என்றார் அப்பா.

“நீங்க ‘போ’ன்னு சொல்லணும்ப்பா!”

“அப்ப போ.”

“போக மாட்டேன்!”

புதன்கிழமை வந்தது. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அவளாகவே கிளம்பினாள்.

நிறம் குழைத்து வைத்தாள். எந்த நம்பிக்கையும் இல்லாமல்தான் கேட்டாள்: “கட்டட்டுமா?”

பட்டையைக் கையில் எடுத்தபடி காத்திருந்தாள். பிறகு ஹால்வாரின் கண்கள் மெல்ல மேலே உயர்ந்தன.

பட்டையைக் கட்டினாள். அவர் கை எழும்பியது, விழுந்தது, மறுபடி எழும்பியது. தூரிகை மேசையில் பட்டது, அவர் சட்டையில் பட்டது, இங்வில்லின் மூக்கிலும் பட்டது. கடைசியில் பலகையைத் தொட்டது. கோணல்மாணலாக ஒரு கோடு கிளம்பி, பாதி வழியில் நின்றுவிட்டது.

அந்தக் கோட்டை இழுத்து முடித்துவிட இங்வில்லின் கை துறுதுறுத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

வெளியே வண்டியின் ஹாரன் கேட்டது. பெரித் எட்டிப் பார்த்தார். “என்ன, படம் முடிஞ்சுதா?”

“எனக்குத் தெரியாது. அவருகிட்ட கேளுங்க.”

பெரித் கேட்டார். ஹால்வார் கண்களை மூடினார். படம் இன்னும் முடியவில்லை.

அவரை வண்டிக்கு அழைத்துப் போனார்கள். போகும்போதும் அவர் இங்வில்லைப் பார்க்கவில்லை. பலகையைத்தான் பார்த்தார்.

மற்ற பிள்ளைகளும் கிளம்பிவிட்டார்கள். இங்வில் மட்டும் மழைக்கோட்டோடு மேசையருகே நின்றாள். அந்தக் கோட்டின் ஈரம் காயும்வரை அவள் நகரவில்லை. யாரும் அதைத் தொட்டுவிடக் கூடாதே!