வெடியுப்பு போட்ட கறி

பாடையை அவள் வாசலில் இறக்கினார்கள்!

சுடுகாட்டுக்குப் போக வேண்டிய பிணம்... பதருன்னிசாவின் டின் கறிப் பட்டறை முன்னால்!

கோவில்பட்டிக் கடைத்தெருவே திரண்டு நின்றது. ஒரு கல் பறந்து வந்து தகரக் கதவில் மோதியது.

டணார்!

"கொலைகாரி! வெளிய வாடி!"

கத்தியவன் மாயகிருஷ்ணன். பாடையில் கிடந்த தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி காசிராஜனின் தம்பி.

கதவு திறந்தது.

முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள் பதருன்னிசா. புருஷன் முத்து முகம்மது மவுத்தான பிறகு ஆட்டுக்கறியை மசாலா போட்டு அவித்து, டின்னில் அடைத்து, தூத்துக்குடி கப்பல்காரர்களுக்கு அனுப்பித் தனியாளாகப் பிழைக்கிறவள். யாருக்கும் தலை குனிந்து பழக்கமில்லை. இன்றைக்கும் குனியவில்லை.

"கல்லை எறிஞ்ச மகராசன் யாரு? முன்னால வாங்க, மூஞ்சியப் பாக்கேன்!"

ஒருவரும் வரவில்லை.

"ஆளைக் கொன்னுட்டு வாயைப் பாரு!" மாயகிருஷ்ணன் துள்ளினான். "கறியில வெடியுப்பு போடுதா! பட்டாசுக்குப் போடுற வெடியுப்பு! அதைத் தின்னுதான் எங்க அண்ணன் செத்தாவ!"

"ஆமா, போடுதேன்!"

கூட்டத்தைப் பார்த்தே சொன்னாள்.

"ஒரு சிட்டிகை போடுதேன். எங்க அத்தா போட்டாவ, நானும் போடுதேன். கறி கெடாம இருக்கணும்லா? இதுல ஒளிக்க என்ன இருக்கு?"

"கேட்டீங்களா! அவ வாயாலயே சொல்லிட்டா!"

புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் தங்கச்சாமி குதித்தார். பின்னாலேயே டாக்டர் சோலைராஜ். பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டு நேராக வருகிறவர்.

"நடுத்தெருவுல பிணத்தை வச்சு என்னய்யா கூத்து?" இன்ஸ்பெக்டர் உறுமினார். "ஏம்மா, உள்ள வா. பேசணும்."

உள்ளே மூன்றே பேர். மசாலா வாசனை மூக்கைத் துளைத்தது.

டாக்டர்தான் ஆரம்பித்தார். "வெடியுப்பு இல்ல சார். காசிராஜனைக் கடைசி வரைக்கும் நான்தான் பாத்தேன். இமை ரெண்டும் தொங்கிப் போச்சு. ஒண்ணு ரெண்டாத் தெரியுதுன்னாரு. ஒரு மடக்குத் தண்ணி இறங்கல. அப்புறம் மூச்சு நின்னுது. ஆனா புத்தி... கடைசி நிமிஷம் வரைக்கும் தெளிவு! இது கிருமி கக்குற விஷம். காத்துப் புகாத டின்னுக்குள்ள வளர்ற கிருமி."

பதருன்னிசாவுக்கு உயிர் வந்தது.

இன்ஸ்பெக்டர் அதையும் பிடுங்கினார்.

"கிருமின்னாலும் டின்னு உன்னுதுதானேம்மா? ஏறு ஜீப்புல."

"நல்லா இருக்கு நியாயம்! உப்புன்னாலும் என் கழுத்து... கிருமின்னாலும் என் கழுத்தா?"

விடுவிடுவென்று கொல்லைக்கு நடந்தாள். அவர்களும் போக வேண்டியதாயிற்று.

அங்கே ஒரு சுண்ணாம்புக் குழி. பக்கத்தில் டின்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் வயிறு புடைத்து, வெடிக்கிறேன் வெடிக்கிறேன் என்றது.

"இதைப் பாருங்க சார். இந்த மாயகிருஷ்ணன்தான் ஊரெல்லாம் கிளப்பி விட்டது, வெடியுப்புக் கறின்னு. கப்பல்காரவிய பயந்துட்டாவ. 'வெடியுப்பில்லாமப் போட்டுக் குடு'ன்னாவ. போட்டேன். அம்புட்டும் புடைச்சுப் போச்சு! ஒண்ணைக்கூட விக்கல. புதைக்கத்தான் இங்கன குமிச்சு வச்சேன்."

"அந்த உப்பு இருந்திருந்தா கிருமி தலை தூக்கியிருக்காது..." டாக்டர் முணுமுணுத்தார்.

"கேளுங்க! இதைக் குமிச்சு வச்ச அன்னைக்கு அந்த மாயகிருஷ்ணன் வந்தாரு. சும்மா பாக்க வந்தேன்னு கொல்லை வரைக்கும் வந்து நின்னாரு. அவரு போன பிறகு ஒரு டின்னைக் காணோம்!"

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். "புடைச்ச டின்னு ஆளைக் கொல்லும்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதா? சண்டைக் காலத்துல பட்டாளத்துச் சாமான் கிட்டங்கியில, கெட்ட டின்னைக் கழிச்சுப் போடுற வேலைல்லா அவருக்கு!"

அண்ணன் போனால் தீப்பெட்டி ஆபீஸ் முழுக்கத் தம்பிக்கு! இன்ஸ்பெக்டருக்கு உறைத்தது. ஆனால்...

"சாட்சி வேணுமேம்மா?"

பதருன்னிசா குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னாள்.

இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது. டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அவர்கள் வெளியே வந்தபோது இன்ஸ்பெக்டர் கையில், திறந்த டின் ஒன்று.

"காசிராஜன் தின்னு மிச்சம் வச்ச டின்னு இது."

மாயகிருஷ்ணன் ஓரடி பின்வாங்கினான்.

பதருன்னிசா தெருவில் இறங்கினாள்.

"வெடியுப்புதானே விஷம்? ஒரு துண்டுல இருக்கிற உப்புக்கு எறும்புகூடச் சாகாது. ஊர் பாக்க நான் தின்னுதேன். நீங்களும் ஒரு துண்டு தின்னுங்க, சின்ன முதலாளி! தின்னுட்டுச் சொல்லுங்க, நான் கொலைகாரின்னு. ஜெயிலுக்கு நானே நடந்து போறேன்!"

"நா... நான் எதுக்கு?"

"தின்னுங்க அண்ணாச்சி," என்றார் இன்ஸ்பெக்டர். "அவ சவாலை முடிங்க. அடுத்த நிமிஷம் அவளை ஜீப்புல ஏத்துதேன்."

"ஒரு துண்டுதானவே!" கூட்டத்தில் எவனோ கூவினான். "பயமா இருக்கோ?"

மாயகிருஷ்ணன் நெற்றியில் வேர்வை. துடைத்தான். யோசித்தான்...

திடீரென்று அவன் உதட்டில் ஒரு சிரிப்பு!

"சரி, தின்னுதேன். சுட வச்சுக் கொண்டா."

கரி அடுப்பு வாசலுக்கே வந்தது. சட்டி ஏறியது. மெல்ல ஆவி பறந்தது.

"சூடாயிருச்சு. எடுங்க," என்றாள்.

"பத்தாது! கொதிக்கட்டும்!"

கொதித்தது.

"போதுமா?"

"இன்னும்! தளதளன்னு கொதிக்கணும்... நல்லா நேரம் போகட்டும்!"

பதருன்னிசா அகப்பையைக் கீழே வைத்தாள். நிமிர்ந்தாள்.

"எதுக்கு?"

"எ... என்ன எதுக்கு?"

"வெடியுப்புதானே விஷம்? எம்புட்டுக் கொதிச்சாலும் உப்பு சட்டிக்குள்ளதானே கிடக்கும்? எங்க ஓடிரும்?"

தெருவே முன்னால் நெருங்கியது.

"கிருமி விஷம்தான் கொதிச்சா அழியும்," என்றார் டாக்டர், நிதானமாக. "அது உமக்கு எப்படித் தெரியும்?"

"பட்டாளத்துல... புடைச்ச டின்னைக் கொதிக்க வைக்காமத் தின்னா எவனும் செத்துருவான்யா! எல்லாருக்கும் தெரியும்!"

"புடைச்ச டின்னா?" இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை வைத்தார். "உங்க வீட்டுல நான் எடுத்தது திறந்த டின்னு. திறக்கும் முன்னாடி அது புடைச்சிருந்துதுன்னு... உமக்கு யார் சொன்னா?"

மாயகிருஷ்ணன் ஓடினான்!

நாலெட்டு. அதற்குமேல் முடியவில்லை. பாடை தூக்கி வந்தவர்களே சுவராக நின்றார்கள்.

கழுத்துப்பிடியாக இழுத்து வந்தபோது, "அண்ணன்தான் என்னைச் சம்பளக்காரனா வச்சிருந்தாவ... கூடப் பிறந்தவனை!" என்று கதறினான். யாரும் இரக்கப்படவில்லை.

"அந்த டின்னு... அதைச் சோதிச்சுப் பாத்தீங்களா? சும்மா கொதிக்கச் சொன்னதுக்கா விலங்கு?" விலங்கைப் பார்த்ததும் திமிறினான்.

"உங்க அண்ணன் தின்ன டின்னு காலையிலயே சோதனைக்கு மெட்ராஸுக்கு ரயிலேறிப் போச்சுய்யா," என்றார் இன்ஸ்பெக்டர். "அடுப்புல கொதிச்சது இவ கடையில இருந்த நல்ல டின்னு!"

விலங்கு பூட்டினார்கள். பாடை எழுந்தது. கல் எறிந்த கூட்டம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தது.

பதருன்னிசா வாசல்படியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து புது டின் ஒன்றைத் திறந்தாள். வெடியுப்பு போட்ட டின்! ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தை நீட்டினாள்.

"சாப்பிடுங்க சார். காலையிலருந்து அலையுதீங்க."

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். தயங்கினார்.

"கொஞ்சம்... சுட வச்சுத் தாரியாம்மா?"

பதருன்னிசா சிரித்தாள்.

"தாரேன் சார்... ஜீப்புல இன்னொரு விலங்கு இருக்கான்னு மட்டும் பாத்துக்கிடுங்க!"