மூன்றாம் ஒப்புதல்

முதல் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. நீள மேசையின் தலைப்பில், சன்னலுக்கு முதுகு காட்டி முதலாளி. அவருக்கு வலப்பக்கம் கணக்கர். முதலாளியம்மாவின் தம்பி, ஆகையால் சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லோருக்கும் முன்பாகச் சிரிப்பவர். இடப்பக்கம் கிடங்குக்காரர், வெயில் நாளிலும் கம்பளித் தொப்பியோடு. எதிர்வரிசையில் மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்த திட்ட மேலாளர். அவர் பக்கத்தில் நிரல் எழுதும் பெண். பேசினால் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது என்பதால் அலுவலகம் முழுக்க அவளுக்குக் குருவி என்றே பெயர்.

கிடங்குக்காரருக்கு அடுத்த நாற்காலி காலியாக இருந்தது. அதன் முதுகில் ஒரு சாம்பல் நிறச் சால்வை தொங்கியது. யாரோ எழுந்து போயிருக்கிறார்கள், வந்துவிடுவார்கள் என்று மேலாளர் நினைத்தார். கூட்டம் முடியும்வரை யாரும் வரவில்லை. அந்தப் பக்கம் யாரும் திரும்பவும் இல்லை.

அது ஒரு குளிர்கிடங்கு. வியாபாரிகளின் மீனும் இறைச்சியும் மருந்தும் பெட்டி பெட்டியாக அங்கே உறைந்து கிடக்கும். பெட்டிகள் திருட்டுப் போகாமல் இருக்க, பெரிய ஃப்ரீசர் அறையின் கதவைப் பழைய மென்பொருளோடு இணைத்திருந்தார்கள். கதவு திறக்க வேண்டுமானால் முதலில் ஒருவர் கோரிக்கை போட வேண்டும். அதற்குக் கிடங்குக்காரர், கணக்கர், சரிபார்ப்பாளர் மூவரும் அவரவர் கணினியில் ஒப்புதல் தர வேண்டும். மூன்றாவது ஒப்புதல் விழுந்தால்தான் பூட்டு விடும். கோரிக்கை போட்டவரே ஒப்புதல் தர முடியாது. அறைக்குள் நிற்பவருக்கும் இதே சட்டம்தான். உள்சுவரில் ஒரு சின்னத் திரை இருந்தது, அதில் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பழைய மென்பொருள் தகராறு செய்கிறது, இதையே ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல் புதிதாக எழுதித் தாருங்கள் என்றார் முதலாளி. கேட்டவரே ஒப்புதல் தரக் கூடாது என்பது மிக நல்ல விதி என்று மேலாளர் பாராட்டினார். கணக்கர் சிரித்தார்.

அப்போது கிடங்குக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். உள்ளே இருப்பவர் யாரையும் கேட்காமல் திறக்கிற மாதிரி ஒரு கைப்பிடி வைக்க முடியுமா என்று, மேசையைப் பார்த்தபடி கேட்டார்.

மேலாளர் பட்டுத் தெரிந்தவர். போன வேலையில் வாடிக்கையாளர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டி, அது அனுமார் வால் போல் நீண்டு நடுவிலேயே நின்றுபோனது. அதன்பின் ஒரு கொள்கை வைத்திருந்தார்: ஒப்பந்தத்தில் இல்லாததைத் தொடுவதில்லை.

"நல்ல யோசனைங்க. ஆனா இதுல சேராது. அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்."

முதலாளிக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போனது. கிடங்குக்காரர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

இந்த வேலையாவது ஒழுங்காக முடிய வேண்டும். வாடிக்கையாளரின் ஏற்புக் கடிதம் கைக்கு வராவிட்டால் குழுவையே கலைத்துவிடுவேன் என்று நிறுவனத் தலைவர் சொல்லி அனுப்பியிருந்தார். குருவி இந்த வேலையை நம்பித்தான் கல்யாணத்துக்குத் தேதி குறித்திருந்தாள். மேலாளரின் மனைவியோ ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் கடைசியாக ஒரே கேள்விதான் கேட்பாள்: "முடிச்சுட்டு வந்துருவீங்கல்ல?"

அவர்களுக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறை ஒதுக்கினார்கள். அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஃப்ரீசர் அறை. சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். இயந்திரத்தின் உறுமல் நாள் முழுக்கப் பல்லுக்குள் அதிரும். அது சில சமயம் திடீரென நிற்கும். அந்த அமைதியில், அமோனியா நெடிக்கு நடுவே, இன்னொரு வாசனை வரும். பெட்டியில் மடித்து வைத்த கம்பளியின் வாசனை. பாச்சை உருண்டை.

ஒரு முற்பகலில் குருவி அவர் சட்டைக் கையை இழுத்தாள். சோதனைக் கணினியில் ஒரு கோரிக்கை வந்திருந்தது.

கேட்டவர்: சரிபார்ப்பாளர். இடம்: உள்ளே. முதல் ஒப்புதல், சரி. இரண்டாம் ஒப்புதல், சரி. மூன்றாம் ஒப்புதல், நிலுவை: சரிபார்ப்பாளர்.

"பேய்க்கெல்லாம் பயனர் பேரு குடுத்து வச்சிருக்கியாம்மா?" என்றார் மேலாளர்.

"நான் யாருக்கும் குடுக்கலண்ணா. இது இன்னும் கதவோட சேரவேயில்ல. வெறும் சோதனைப் பொட்டிதான்."

அழித்தாள். சாப்பிட்டுவிட்டு வந்தபோது அது மறுபடி இருந்தது. பழைய தரவு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினாள்.

மறுநாள் காலை, கணினியைப் போட்டதும் திரையில் அது ஒன்றுதான் இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ தட்டியது. இயந்திரம் இல்லை. இயந்திரம் நின்றிருந்தது.

மேலாளர் கிடங்குக்காரரைத் தேடிப் போனார். சரக்கு ஏற்றும் மேடையில், வெயிலில் உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார் அவர். அந்தச் சால்வை யாருடையது என்று கேட்டதும் தேய்ப்பதை நிறுத்தினார்.

அது சரிபார்ப்பாளர் அம்மாவுடையது. விடுமுறைக்கு முந்தின நாள், ஒரு பெட்டி எண்ணிக்கை இடிக்கிறதே என்று தனியாக உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. உள்ளிருந்து கோரிக்கை போட்டார். கிடங்குக்காரர் திரையில் அதைப் பார்த்தார். எப்போதும்போலப் படிக்காமலே ஒப்புதல் கொடுத்தார். கணக்கரும் கொடுத்தார். மூன்றாவது, அந்த அம்மாவின் நாற்காலிக்கே போய் நின்றது. உள்திரையில் அவரே அழுத்திப் பார்த்திருப்பார். கேட்டவர் தர முடியாது.

"என் பக்கம் முடிஞ்சுது, அவங்க பக்கம்தான் நிக்குதுன்னு நெனச்சேன் தம்பி. பைய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

விடுமுறை கழிந்துதான் பூட்டை உடைத்துக் கதவைத் திறந்தார்கள். அதன்பின் அந்தக் கோரிக்கை பழைய மென்பொருளிலிருந்து போகவே இல்லை. அதற்காகத்தான் புதிய மென்பொருள். கைப்பிடி வேண்டும் என்று அன்றைக்கு வாயைத் திறந்ததும் அதற்காகத்தான் என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி கைகளைத் தேய்க்க ஆரம்பித்தார்.

மேலாளர் நேரே முதலாளியிடம் போனார். அந்தக் கைப்பிடியை இப்போதே சேர்த்துவிடலாம், எங்கள் கைக்காசிலேயே செய்கிறோம் என்றார். முதலாளி குரலை உயர்த்தவில்லை. ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கேட்டார். புதிய வாடிக்கையாளர்கள் பூட்டைப் பார்த்துத்தான் சரக்கை ஒப்படைக்கிறார்கள் என்றார். பிறகு புன்னகையோடு சொன்னார்: "நீங்க சொன்னதுதான். அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்."

தன் வாயாலேயே மாட்டிக்கொண்ட மேலாளர் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மூன்றாம் ஒப்புதலுக்கு ஒரு பெயர் வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார அங்கே யாரும் தயாராக இல்லை. சுமைக்காரர்கள் அந்தப் பேச்சை எடுத்ததும் எழுந்து போனார்கள். இடம் காலியாக இருந்தால் மென்பொருள் ஓடாது. ஓடாவிட்டால் ஏற்பு இல்லை. ஆள் கிடைக்கும்வரை என் பெயரைப் போடு என்று மேலாளர் குருவியிடம் சொன்னார். அவள் நிமிர்ந்து ஒருமுறை அவரைப் பார்த்தாள். பிறகு போட்டாள்.

ஏற்புச் சோதனை நாளன்று எல்லோரும் அதே மேசையில், அதே இடங்களில் உட்கார்ந்தார்கள். மேலாளர் மட்டும் இடம் மாறினார். மூன்றாம் ஒப்புதலுக்கான கணினி அந்தச் சால்வை நாற்காலிக்கு முன்னால் இருந்தது. முதுகு சால்வையில் படாமல் நுனியில் உட்கார்ந்தார். புதிய மென்பொருளைக் கதவோடு இணைத்தாயிற்று. குருவி கோரிக்கை போட வேண்டியதுதான் பாக்கி.

அவள் கை மடியில் இருந்தது. திரையில் கோரிக்கை வந்தது.

கேட்டவர்: சரிபார்ப்பாளர். இடம்: உள்ளே.

கணக்கர் படிக்காமல் அழுத்தினார். கிடங்குக்காரர் படித்தார், கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

"ம், நீங்க அழுத்துங்க," என்றார் முதலாளி.

மேலாளர் அழுத்தினார்.

கீழே எங்கோ பூட்டு விடும் ஓசை கேட்டது. எல்லோரும் இறங்கிப் போனார்கள். கனத்த கதவு தானாகச் சாய்ந்து திறந்திருந்தது. வெண்புகை தரையில் தவழ்ந்து வந்தது. உள்ளே இருட்டு. பெட்டிகள். ஒருவரும் இல்லை.

உள்சுவரின் சின்னத் திரை முழுக்கப் பனி மூடியிருந்தது. ஒப்புதல் பொத்தானின் மேல் மட்டும் பனி இல்லை. அந்த இடத்தில் வண்ணம் தேய்ந்து தகடு தெரிந்தது.

ஏதோ ஒன்று மேலாளரின் தோளை உரசிக்கொண்டு வெளியே போனது.

பாச்சை உருண்டை வாசனை.

கிடங்குக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். முதலாளிக்கு ஒன்றும் தெரியவில்லை; பழையதைவிட வேகமாகத் திறக்கிறது என்று மகிழ்ந்து, மேலே போய்க் கடிதத்தை அடிக்கச் சொன்னார். அவர்கள் திரும்பியபோது நாற்காலியில் சால்வை இல்லை.

மேலாளருக்கு மார்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அவ்வளவுதான் வேண்டியிருந்திருக்கிறது. யாராவது ஒருவர் அழுத்தியிருக்க வேண்டும். மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னார், முடிந்துவிட்டது என்று. அவள் சிரிப்பதைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

கடிதம் மாலைக்குள் வந்தது. வேலையை முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறோம். மென்பொருளில் இனி எந்த மாற்றமும் புதிய ஒப்பந்தத்தின் பேரில்தான். புதிய சரிபார்ப்பாளர் அமையும்வரை திட்ட மேலாளரே மூன்றாம் ஒப்புதலில் தொடர்வார். அன்றாடம் அறைக்குள் சென்று உள்திரையையும் பார்த்து வருவார். முதலாளி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். மேலாளர் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. நிறுவனத் தலைவருக்கு அதை எடுத்துப்போகத் தபால்காரர் வாசலில் காத்திருந்தார்.

மேலாளர் பேனாவைத் திறந்தார். கணினி மெல்ல ஒலித்தது.

கேட்டவர்: திட்ட மேலாளர். இடம்: உள்ளே. முதல் ஒப்புதல், சரி. இரண்டாம் ஒப்புதல், சரி.

மூன்றாம் ஒப்புதல், நிலுவை: திட்ட மேலாளர்.

அவர் அழுத்தினார். கேட்டவர் ஒப்புதல் தர முடியாது என்றது திரை. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதுவே.

"அண்ணா," என்றாள் குருவி. அவள் குரல் எப்போதையும்விடச் சன்னமாக இருந்தது. "நீங்க இங்கதானே இருக்கீங்க?"

கீழே யாரோ கதவைத் தட்டினார்கள். நிதானமாக, அவசரமில்லாமல், உதவி வரும் என்று இன்னும் நம்புகிறவர் தட்டுவதுபோல.

"இந்தக் கடிதம் வேண்டாம் அண்ணா. கிழிச்சுருங்க," என்றாள். "என் கல்யாணம் கெடக்குது."

அவர் அவளைப் பார்த்தார். கிழித்தால் நாளைக்கு இவளுக்கு வேலை இல்லை. குழுவில் யாருக்கும் இல்லை. கிழிக்காவிட்டால் தட்டுகிறவர் யாரென்று அவருக்குத் தெரியும். கிழித்தாலும் அந்தக் கோரிக்கை திரையை விட்டுப் போகும் என்று யார் சொன்னது?

"அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்மா."

கையெழுத்துப் போட்டார். மூன்றாக மடித்தார். உறையின் ஓரத்தில் பசையைத் தடவி, நுனியிலிருந்து நுனிவரை விரலால் அழுத்தி ஒட்டினார். தபால்காரர் வாங்கியவர், சூடு பட்டதுபோல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"என்ன சார், கவர் இப்படி ஜில்லுனு இருக்கு?"

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். மேலாளருக்கு முதுகு குளிர்ந்தது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் அந்தச் சாம்பல் நிறச் சால்வை தொங்கிக்கொண்டிருந்தது.