புதுக்கருக்கு

செங்கரையில் காரைக் குளிப்பாட்டாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. சுத்தத்தின் மேல் உள்ள பிரியத்தால் வந்த வழக்கம் அல்ல இது, சட்டம். செவ்வாய்க் கிரகத்தின் வடபுறத்தில், கண்ணாடி வளிக்கூரைக்குள் அடங்கிக் கிடந்த அந்தக் குடியிருப்புக்கு ஒரே வாசல்தான். அந்த வாசலில் இசக்கியம்மாள் கார் கழுவும் நிலையம் நடத்தினாள். வெளியிலிருந்து வரும் கார் அதற்குள் நுழையும், பின்கதவு அடைபடும், மேலும் கீழும் வெந்நீர் பீய்ச்சியடிக்கும். உப்பு முழுக்கப் போனபிறகுதான் முன்கதவு திறக்கும். செவ்வாய் மண்ணின் உப்பு சமையலுக்கு ஆகாது. தூசியாக மூச்சில் போனால் தொண்டைச் சுரப்பியைக் கெடுத்துவிடும்.

குளிர்காலம் வந்தால் உப்பு இன்னும் அதிகம். சாலையில் உறைபனி படியக்கூடாது என்று தெளிப்பான் எந்திரங்கள் விடிவதற்குள் உப்புக்கரைசலை வாரி இறைத்துவிட்டுப் போகும். காலையில் சுரங்கத்திலிருந்து திரும்பும் கார்கள் வயிறு முழுக்க வெள்ளை பூத்து வாசலில் வரிசை கட்டும். குழாய் முனைகள் உறைந்து அடைத்துக்கொள்ளும். இசக்கியம்மாள் அவற்றைச் சூடுகாட்டித் திறப்பதற்குள் ஹாரன் ஆரம்பித்துவிடும். சத்தம் போகிற அளவுக்கு வெளியே காற்று கிடையாது. அதனால் ஹாரனை வானொலி வழியாக நேரே அவள் காதுக்குள் அடிக்கும் வசதியைச் செய்து வைத்திருந்தார்கள். பூமியிலிருந்து அத்தனை கோடி மைல் கடந்து வந்தவர்களுக்கு முன்னால் நிற்கும் வண்டி நகரும்வரை பொறுக்க முடியவில்லை.

செங்கரை மக்கள் பெரும்பாலும் தூத்துக்குடிப் பக்கம். உப்பளம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உப்போடு மல்லுக்கட்டத் தெரியும் என்று நம்பித்தான் நிறுவனம் அவர்களை ராக்கெட்டில் ஏற்றியது.

அன்று காலை வரிசை வெகுதூரம் நீண்டு நின்ற நேரத்தில் பாதுகாப்பு அதிகாரி ஜெபசிங் உள்கதவு வழியாக வந்தார்.

"இசக்கியம்மா, கடைய நிப்பாட்டுங்க."

"வெளிய பாருங்க சார். நிப்பாட்டுனா இத்தன பேரும் எங்க போவாங்க?"

"நேத்து இன்னொரு கார் அடித்தட்டு ஓட்டையாயிட்டு. வாசல் பக்கத்துலயே ஆனதால ஆள் பொழச்சான். இந்தக் குளிருல இதோட மூணு." ஜெபசிங் குரலைத் தாழ்த்தினார். "சுரங்க லாரியும் இதே ரோட்டுலதான் ஓடுது. அதுல ஒரு புள்ளி அரிப்பு கெடையாது. லாரி சுரங்கத்துல குளிக்குது. ஊர்க்கார் எல்லாம் ஒங்ககிட்ட குளிக்குது. ஒங்க தண்ணியிலதான் என்னமோ இருக்கு."

இசக்கியம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு சொட்டையும் வடிகட்டி, உப்பைப் பிரித்து, திரும்பவும் கொதிக்க வைத்துப் பயன்படுத்துகிறவள் அவள். அதைச் சொல்ல வாயெடுத்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

"என்னம்மா?"

"ஊர்லயே அதிகமாக் குளிச்ச கார் எங்க கார்தான் சார். புதுக்கார்னு தெனம் ரெண்டு வேள ஊத்துவேன்." அவள் பேசியைத் தேடி எடுத்தாள். "அத எடுத்துக்கிட்டுத்தான் அவுக பனிக்கிணத்துக்குப் போயிருக்காக."

தண்ணீர்க்கட்டி வாங்கிவரப் போன கணவன் சுடலைமுத்துவை அவள் பேசியில் அழைத்தாள். அவன் நிதானமாகத்தான் பேசினான்.

"திரும்பிப் பாதி வழி வந்துட்டேன். ஏட்டி, காலுக்கடியில என்னமோ விசில் அடிக்குது. ஹீட்டரா இருக்குமோ?"

"காத்து முள்ளு எங்க நிக்குது?"

"பச்சைக்குக் கொஞ்சம் கீழ."

அது ஹீட்டர் இல்லை என்று இசக்கியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. காருக்குள் இருக்கும் காற்று அடித்தட்டு வழியாக வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

"உயிராடைய எடுத்து மாட்டுங்க. இப்பவே."

மறுமுனையில் விசில் சத்தம் கூடியது.

"அது வீட்டுலல்லா இருக்கு. பீரோவுல. கார்ல கெடந்தா மடிப்பு கலைஞ்சிரும்னு நீதான வச்ச."

உண்மைதான். ஆபத்தில் அணிந்துகொண்டால் வெட்டவெளியிலும் மூச்சுவிட வைக்கும் அந்த ஆடைக்குள் அவள் பாச்சை உருண்டைகூடப் போட்டுவைத்திருந்தாள். தலையில் அடித்துக்கொள்ளவும் நேரமில்லை.

வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்த மீட்பு வண்டியைக் கிளப்பச் சொன்னார் ஜெபசிங். கிளம்பிய வண்டி பத்தடி போனதும் நின்றுவிட்டது. வழியை அடைத்து நின்ற கார்களை ஒதுங்கச் சொல்லி அவர் வானொலியில் கத்தினார். ஒதுங்கினால் வரிசையில் இடம் போய்விடுமே என்று ஒவ்வொருவரும் பக்கத்துக் கார் முதலில் நகரட்டும் என்று காத்திருந்தார்கள். இரண்டு பேர் ஹாரன் அடித்தார்கள்.

இசக்கியம்மாள் கழுவும் எந்திரமான துலக்கியிடம் திரும்பினாள். ஆறு கைகளும் கூரையில் ஒரு கண்ணும் உள்ள எந்திரம் அது.

"எங்க கார் அடித்தட்டுல அரிப்பு எங்க இருக்கு? சொல்லு. அவுக அந்த எடத்த அடைக்கணும்."

"தெரியாது. அடித்தட்டை நான் பார்த்ததே இல்லை," என்றது துலக்கி.

"தெனமும் கழுவுதியே."

"நான் கழுவுவது அதன் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை. பயணத்தில் கீறல் விழாதிருக்கப் பூமியில் ஒட்டியது. ஓட்டுவதற்கு முன் உரித்துவிடவும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஓரத்தில் புகும் உப்புநீர் படலத்துக்கும் தட்டுக்கும் நடுவில் தங்கித் தட்டை அரிக்கிறது. என் தண்ணீர் அங்கே போகாது."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"கார் வந்த அன்றே கேட்டேன். புதுக்கருக்கு போயிரும், படலம் கிழியாமக் கழுவு என்றீர்கள். இந்த வரிசையில் நிற்கும் எல்லோருமே அதைத்தான் சொன்னார்கள்."

ஜெபசிங் நெற்றியைத் தேய்த்தார். "அப்ப சுரங்க லாரி?"

"லாரிகளை எந்திரங்கள் ஓட்டுகின்றன. எழுதியிருந்ததைப் படித்தன, உரித்தன."

பேசியில் சுடலைமுத்துவின் குரல் மெலிந்து வந்தது. "இசக்கி, ஓட்ட தெரிஞ்சிட்டு. என் சீட்டுக்கு முன்னால வெரல் நீளத்துக்கு வெடிச்சிருக்கு. துண்ட வச்சு அமுக்குனேன். துண்டுக்குள்ளயும் காத்து போவுது. முள்ளு செவப்புக்கு வந்துட்டு."

அவன் மூச்சு வாங்குவது தெளிவாகக் கேட்டது. இசக்கியம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். நிலையத்துக்குள் பாதிக் குளியலில் ஒரு கார் நின்றது. அதன் இருக்கைகள் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறைக்குள் பளபளத்தன. அவள் வீட்டுக் கார் இருக்கைக்கும் அதே உறைதான், தொழிற்சாலையில் போட்டது போட்டபடி.

"சீட்டு கவரக் கிழிங்க."

"எந்தக் கவர?"

"புதுசுல வந்த பிளாஸ்டிக் கவர. கிழிச்சு, நாலா மடிச்சு, வெடிப்பு மேல போடுங்க. உள்ள இருக்க காத்தே அத அமுக்கிக்கிடும்."

"ஏட்டி, சீட்டு வெள்ளத் துணி. கவர எடுத்தா ஒரே நாள்ல அழுக்காயிரும்."

"கிழிங்கன்னு சொல்லுதேன்ல."

பிளாஸ்டிக் கிழியும் ஓசை கேட்டது. பின்பு ஏதோ தடதடத்தது. அப்புறம் விசில் சத்தம் ஒரு குழந்தை வாய்மூடியதுபோல நின்றது. இசக்கியம்மாள் பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

"முள்ளு எறங்கல," என்றான் சுடலைமுத்து. "நிக்குது. வண்டிய எடுக்குதேன்."

அவன் வந்து சேர்ந்தபோது இசக்கியம்மாள் காரைக் கழுவி முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்ததும் அவன் தோளில் இரண்டு அடி வைத்துவிட்டு, ஊரே பார்க்க அழுதாள்.

மறுநாள் முதல் படலத்தை உரிக்காத காருக்கு உள்ளே இடமில்லை என்று ஜெபசிங் ஆணை போட்டார். ஆணைக்குப் பயந்து உரித்தார்கள். ஆனால் உரித்ததைச் சுருட்டி, எதுக்காவது ஆகும் என்று வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். படலத்தால்தான் தட்டு ஓட்டையானது என்பதை அந்த வாரமே ஊர் மறந்துவிட்டது. கவரால்தான் சுடலைமுத்து பிழைத்தான் என்பது மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். சீட்டு கவரை என்றோ எடுத்துப்போட்ட ஒன்றிரண்டு பேர் வாழ்க்கையில் தோற்றவர்களாக நடமாடினார்கள்.

செய்தி பூமிக்குப் போயிற்று. அடுத்த சரக்குக் கப்பலில் கார் ஒன்றுக்கு ஒரு உயிர்க்காப்பு விரிப்பு வந்து இறங்கியது. எந்த ஓட்டையிலும் தானே ஒட்டிக்கொள்ளும் தடித்த பொன்னிற விரிப்பு. மினுமினுக்கும் தாள் சுற்றிய அட்டைப்பெட்டியில், காருக்குள்ளேயே வைத்திருக்கவும் என்று சிவப்பில் அச்சடித்திருந்தது.

வரிசை ஓய்ந்த ஒரு மதியம், சுடலைமுத்து தங்கள் பெட்டியை முகர்ந்து பார்த்தான். புது வாசனை அடித்தது.

"நல்ல சாமான்," என்றான். "இந்த உப்புல கெடந்தா பழசாயிரும். பீரோவுல வச்சிருவமா?"

இசக்கியம்மாள் அவனை முறைத்துப் பார்த்தாள். அன்றைக்கு அந்த விசிலைக் கேட்டுத் துடித்தவள் அவள்தான். பெட்டியை அவன் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள்.

"பீரோவுல ஏது எடம்? அங்கதான் உயிராடை இருக்கே," என்றாள். "கட்டிலுக்கு அடியில வையுங்க. அட்டப்பெட்டி நசுங்கிராம."