நாலு தட்டு

கிட்ட வந்து இருங்கள், என் செல்லங்களே. கதவைச் சாத்திவிட்டீர்களா? சாத்திவிட்டு வாருங்கள், தேத்தண்ணி ஆறினால் ஆறட்டும். இன்றைக்கு ஒரு கதவின் கதை சொல்லப்போகிறேன். நடுவில் யாராவது தட்டினால், எத்தனை தரம் தட்டுகிறார்கள் என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.

அருள்நாயகி ரொறன்ரோவில், அஜின்கோர்ட் பக்கம் ஒரு அப்பார்ட்மென்றின் ஒன்பதாம் மாடியில் இருந்தாள். ஊரிலிருந்து அவள் முந்தி வந்துவிட்டாள். புருசன் அன்புராசாவை, களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவன் பல்கேரியா வழியாகக் கொண்டுவந்துகொண்டிருந்தான். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மாசி மாதம், ஒரு பின்னேரம் அவன் தொலைபேசி எடுத்தான்.

“நாயகி, மலைக்குள்ள ஒரு ஊர். கோர்ணசெலோ எண்டு பேர், எழுதி வையும். ஏழு பேர் இருக்கிறம். நாளைக்கு ஒரு வெறும் வீட்டில விடுவானாம். உள்ளுக்குத் தாழ்ப்பாள் போட்டிட்டு இருக்கோணும். நாலு தட்டுத் தட்டினால்தான் அவன்ர ஆள். வேற ஆர் தட்டினாலும் மூச்சுக் காட்டக்கூடாதாம்.”

“சரியான குளிரோ?”

“பல்லுக் கிட்டுது. உம்மட கையால ஒரு கோப்பி குடிச்சாத்தான் போகும்.”

அதுதான் கடைசி.

நாலு வருசம் போனது. அவர் இத்தாலியில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார் என்றான் ஏஜென்சிக்காரன். ஆள் முடிந்திருப்பார், பொட்டை அழித்துவிட்டுச் செய்ய வேண்டியதைச் செய் என்றார்கள் சொந்தக்காரர்கள். இரண்டு பக்கத்துக்கும் அவள் ஒரே மறுமொழிதான் சொன்னாள்.

“நான் போய்ப் பாக்கும் வரைக்கும் என்ர மனுசன் சாகவுமில்லை, ஓடவுமில்லை.”

கனடாப் பாஸ்போர்ட் கைக்கு வந்த அந்தப் பங்குனியிலேயே அவள் டிக்கெட் போட்டாள். புருசனின் தம்பி ஸ்ரீதரனும் கூடப் போனான். அண்ணியைத் தனியே விடப் பயம். கூடப் போகவும் பயம்.

கோர்ணசெலோவில் பனி பாதி உருகிக் கிடந்தது. தெரு முழுக்கச் சேறு. விறகுப் புகையும் ஈரச் சாணமும் கலந்த மணம். பிளம் மரங்களில் இலையும் இல்லை, பூவும் இல்லை. எதிர்ப்பட்ட எல்லார் மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் கட்டியிருந்தது.

“அண்ணி, எங்கட காப்புநூல் மாதிரிக் கிடக்கு,” என்றான் ஸ்ரீதரன் மெல்ல.

கார் ஓட்டி வந்தவனுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். அவன் விசாரித்து ஒரு கிழவியிடம் கூட்டிப்போனான். அருள்நாயகி நீட்டிய புருசனின் படத்தைக் கிழவி பார்த்தாள். தன் பெட்டியிலிருந்து ஒரு நூலை எடுத்து இவளுடைய கையில் கட்டிவிட்டாள். கார்க்காரன் விளக்கினான்: ஏதாவது ஒரு மரம் பூக்கும்வரை அதைக் கழற்றக்கூடாதாம், அப்போதுதான் குளிர்காலம் மனிதரை விடுமாம். அதன் பிறகுதான் அவள் பேசினாள். கார்க்காரன் ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் சொன்னான்.

பக்கத்து வெறும் வீட்டுக்கு ஆட்கள் நிலக்கரி கொண்டுபோனதை அவள் பார்த்திருக்கிறாள். அந்த வீட்டுப் புகைபோக்கியின் மேல் நாரை கூடு கட்டியிருந்தது, புகை வெளியே போக வழியில்லை. அடுப்பு மூட்டாதீர்கள் என்று சொல்லத்தான் ஓடினாள். உள்ளே யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். கதவை இரண்டு தரம் தட்டினாள்.

இருமல் நின்றது.

மறுபடி தட்டினாள். கூப்பிட்டாள். ஒரு சத்தமுமில்லை. அடுத்த நாள் ரொட்டியோடு போய்த் தட்டினாள். அதற்கடுத்த நாளும்.

பிறகு பொலிஸ் வந்து கதவை உடைத்தது. ஏழு பேர், புகையில் மூச்சடைத்துச் செத்துக் கிடந்தார்கள். எல்லாரிடமும் பொய்ப் பாஸ்போர்ட். ஊர் இடுகாட்டில் பேரில்லாத ஏழு சிலுவை நட்டார்கள்.

ஸ்ரீதரன் சேற்றிலேயே குந்திவிட்டான். அருள்நாயகி அழவில்லை.

“இரண்டு தட்டு,” என்றாள். “அதுதான் திறக்கேல்லை.”

உடைந்த கதவுக்குப் பதிலாக ஊரார் புதுக் கதவு போட்டார்களாம். பூட்டோ தாழ்ப்பாளோ வைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒருவராலும் அதைத் திறக்க முடியவில்லை.

அந்தி மங்கும் நேரம் அவள் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றாள். ஸ்ரீதரன் தோளால் முட்டினான். அசையவில்லை. கார்க்காரன் பத்தடி தூரத்துக்கு அப்பாலேயே நின்று சிலுவை போட்டான்.

“அண்ணி, போவம். தெரிஞ்சிட்டுதுதானே.”

“தள்ளும்.”

அவள் தட்டினாள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

ஸ்ரீதரன் அவளுடைய கையைப் பிடித்தான். அவள் உதறினாள்.

நாலு.

உள்ளே பல பேர் ஒன்றாக மூச்சு விட்டார்கள். நாலு வருசமாக அடக்கி வைத்த மூச்சு.

இல்லாத தாழ்ப்பாள் ஒன்று கிறீச்சிட்டு நகர்ந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. இருட்டுக்குள்ளிருந்து கரிமணமும் நனைந்த கம்பளி மணமும் வந்து முகத்தில் அடித்தன. யாரோ ஒரு தரம் இருமினார்கள். அந்த இருமல் அவளுக்குத் தெரிந்த இருமல்.

“ஏஜென்சிக்காரன் வரமாட்டான்,” என்றாள் அவள் இருட்டைப் பார்த்து. “நான் வந்திருக்கிறன். வாங்கோ. ஏழு பேரும் வாங்கோ, வீட்டை போவம்.”

“அண்ணி! செத்த வீட்டில நிண்டு வாங்கோ எண்டு கூப்பிடக்கூடாது!”

“செத்த வீடெண்டு ஆர் சொன்னது? இது காத்துக்கொண்டு இருக்கிற வீடு.”

திரும்பிப் போகையில் கார் மேடேற மறுத்தது. கார்க்காரன் இறங்கி ரயர்களைப் பார்த்தான். பாரம் ஏற்றியதுபோல் வண்டி பதிந்திருந்தது.

கண்ணாடிகள் உள்பக்கமாக ஆவி படிந்து வெளுத்தன.

துடைக்கத் துடைக்கப் படிந்தன.

ரொறன்ரோவுக்கு வந்து ஒரு மாதம் இருக்கும். எட்டாம் மாடி மரியம்மா லிஃப்டில் மறித்தாள்.

“நாயகி அக்கா, கோவிக்காதேங்கோ. மேல எத்தினை பேர் இருக்கிறியள்? நீங்கள் வேலைக்குப் போன பிறகும் சப்பாத்துக் காலோட நடக்கினம். ஒரு இருமல் வேற.”

“எட்டுப் பேர்.”

மரியம்மா நெற்றியைத் தொட்டுச் சிலுவை போட்டாள். “சுவாமியாரைக் கூட்டியந்து தண்ணி தெளிப்பமோ?”

“தண்ணி தெளிச்சு அனுப்பவோ இவ்வளவு தூரம் கூட்டியந்தனான்? ஆர் திறக்காட்டிலும் என்ர கதவு திறக்கும்.”

அன்று காலையும் அவள் ஏழு கோப்பைக் கோப்பி ஊற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். பின்னேரம் வந்தாள். வாகனத் தரிப்பிடத்து மரம் வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தது. அவள் நின்று பார்த்தாள். கைநூலைத் தொட்டாள். கழற்றவில்லை.

ஒன்பதாம் மாடியில் வீட்டுத் திறப்பு அவளுடைய கைப்பைக்குள்ளேயே இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. நாலு தரம் தட்டினாள்.

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது.

சிங்குக்குப் பக்கத்தில் ஆறு கோப்பைகள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. ஏழாவது கோப்பை மேசையில் இருந்தது. அதில் யாரோ புதிதாகக் கோப்பி ஊற்றி வைத்திருந்தார்கள், அவளுக்கென்று. ஆவி பறந்துகொண்டிருந்தது.

அவள் உட்கார்ந்து குடித்தாள்.

என் கண்ணுகளே, உங்கள் வீட்டில் அடுப்பு எரியட்டும், புகை போக வழி இருக்கட்டும். வெளியே போன உங்கள் பிள்ளைகள் எல்லாரும் உயிர்ச்சூட்டோடு வந்து கதவைத் தட்டட்டும். எத்தனை தட்டு என்று எண்ணாமல் திறக்கிற கை உங்கள் வீட்டில் என்றைக்கும் இருக்கட்டும்.