சிரிக்க வேண்டிய இடம்

வீட்டில் எல்லோரும் அவளை வானொலி என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் கண் விழித்ததும் பேச ஆரம்பித்தால், தூக்கம் வரும்வரை நிறுத்த மாட்டாள். பள்ளியில் பேச்சுப் போட்டி வைத்தால் கோப்பை அவளுக்குத்தான். மற்றப் பிள்ளைகள் ஏதோ ஒரு மரியாதைக்காகக் கலந்துகொள்வார்கள்.

அவளுடைய அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அக்கா கைகளால் பேசுவாள். கேக் கடையில் அவளுக்கு வேலை. கேக்கின் மேல் க்ரீமால் பெயர் எழுதுவாள். வீட்டுக்கு வந்தால் கவிதை சொல்லுவாள், அதுவும் கைகளால்தான். விரல், புருவம், தோள் என்று எல்லாமே அந்தக் கவிதையில் சேர்ந்துகொள்ளும்.

நூலகத்தில் மாதம் ஒருமுறை சனிக்கிழமை கவிதைக் கூட்டம் நடக்கும். யார் வேண்டுமானாலும் மேடையேறித் தங்கள் கவிதையைச் சொல்லலாம்.

“இந்தத் தடவை உங்க அக்காவைக் கூட்டிட்டு வா” என்றார் நூலகர் அம்மா. “அவ கையால சொல்லட்டும். நீ பக்கத்துல நின்னு அதையே வாயால சொல்லு.”

அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “காது கேக்காதவங்களைப் பத்தி எல்லாரும் பேசறாங்க. நாங்க பேசறதை யாரும் பார்த்ததே இல்லை. இப்பப் பார்ப்பாங்க!” என்று கைகளால் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. நூலகத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். முன்வரிசையில் சாவிக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவரும் கவிஞர்தான். அவர் கவிதை சொன்னால் தெருமுனை வரை கேட்கும்.

அக்கா ஆரம்பித்தாள். பஸ்ஸில் ஏறியதைக் காட்டினாள். கண்டக்டர் ஏதோ கேட்டதைக் காட்டினாள்.

வானொலிக்கு அந்தக் கவிதை மனப்பாடம். ஆனால் பத்துப் பேர் தன்னையே பார்ப்பதைப் பார்த்ததும் அவளுக்குள் இருந்த கோப்பைக்காரி எழுந்துவிட்டாள். அக்காவின் கை பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தபோது, இவள் வாய் பஸ்ஸைவிட்டே இறங்கிவிட்டது. அது போதாதென்று சொந்தச் சரக்கையும் சேர்த்தாள்.

“கேளாத செவி படைத்த பேதை இவள்! கண்ணீரே இவளுக்குத் துணை! ஐயகோ பாவம், யாரிடம் சொல்லி அழுவாள்!”

“அச்சச்சோ” என்றார்கள் எல்லோரும். ஒரு டீச்சர் கைக்குட்டையை எடுத்தார். எல்லார் கண்ணும் வானொலியின் மேல்தான் இருந்தது.

முடிந்ததும் ஒரே கைதட்டல். சாவிக்கடைக்காரர் எழுந்து வந்து, அக்காவின் கையில் ஒரு பிஸ்கெட் பாக்கெட்டைத் திணித்துவிட்டு, “பாவம், உங்க அக்கா” என்று வானொலியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வழியெல்லாம் அக்கா கையைத் தூக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள்.

“நான் சிரிக்கறதுக்குத்தான் சொன்னேன். அவங்க ஏன் அழுதாங்க? எனக்கு எதுக்குப் பிஸ்கெட்?”

வானொலி அடுப்படிப் பக்கம் நழுவப் பார்த்தாள். அக்கா வழியை மறித்தாள்.

“நீ என்ன சொன்னே? கையால சொல்லு.”

தப்பிக்க வழியில்லை. தான் மேடையில் சொன்னதை ஒவ்வொன்றாகக் கைகளால் சொன்னாள். வாயால் சொன்னபோது ஜோராக இருந்ததெல்லாம், அக்காவின் முகத்துக்கு நேரே கையால் சொல்லும்போது அசிங்கமாக இருந்தது. ‘பாவம்’ என்பதற்குக் கை பாதியிலேயே நின்றுவிட்டது.

“நான் பாவமா?” என்று கேட்டாள் அக்கா.

“இல்லக்கா.”

“நாளைக்கு நான் வரலை. உன் கவிதையை நீயே சொல்லிக்கோ.”

அக்கா திரும்பி உட்கார்ந்துகொண்டாள். காது கேட்காதவர் திரும்பி உட்கார்ந்துவிட்டால் சண்டை போடக்கூட முடியாது. வானொலிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா இத்தனை நாள் காத்திருந்த மேடையை இவள் கெடுத்துவிட்டாள்.

கொஞ்சநேரம் கழித்து, அவள் சுற்றிக்கொண்டு போய் அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“இன்னொரு தடவை எனக்கு மட்டும் சொல்லுக்கா. நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “யாரு, நீயா?”

வானொலி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா முறைத்தாள். ஆனால் கவிதை என்றால் அவளால் சும்மா இருக்க முடியாது. மெல்ல ஆரம்பித்தாள். கண்டக்டர் கத்துகிறார். கேட்கவில்லை என்றதும் பக்கத்தில் வந்து கத்துகிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது, கண் பிதுங்குகிறது, எச்சில் தெறிக்கிறது. அக்கா நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள்!

வானொலி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துப் புரையேறியது. இத்தனை நாள் தன் வாயிலேயே கவனமாக இருந்ததால், அக்காவின் முகத்தை அவள் சரியாகப் பார்த்ததே இல்லை.

“இந்த இடத்துலதான் அவங்க சிரிக்கணும்” என்றாள் அக்கா.

“அப்ப இந்த இடத்துல நான் பேசவே கூடாது” என்றாள் வானொலி. “மேடையிலயும் நிக்க மாட்டேன். கீழே உட்கார்ந்துக்கறேன். உன் கை முடிஞ்ச பிறகுதான் என் வாய். நீ சொன்னது மட்டும்தான், ஒரு வார்த்தைகூடச் சேர்க்க மாட்டேன்.”

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “சரி, பார்க்கலாம்.”

சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. மேடையில் அக்கா தனியாக நின்றாள். வானொலி முன்வரிசைக்கும் முன்னால், கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். பார்ப்பதற்கு அக்காவின் முகத்தைத் தவிர யாருக்கும் வேறு முகம் இல்லை.

அக்காவின் கை அசைந்து நின்றது. பிறகுதான் குரல் வந்தது.

“பஸ்ஸில் ஏறினேன்.
எங்கே போகணும் என்று கேட்டார்.
காது கேட்காது என்று காட்டினேன்.”

அடுத்தது அந்தச் சிரிக்க வேண்டிய இடம். அக்கா கண்டக்டராக மாறினாள். வானொலி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கூடத்தில் சத்தமே இல்லை. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். ‘யாருக்கும் புரியலையோ? ஒரே ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கலாமா?’ அவளுடைய நாக்கு துடித்தது. உதட்டை இன்னும் அழுத்திக் கடித்தாள்.

மேடையில் கண்டக்டர் பக்கத்தில் வந்து கத்தினார். நரம்பு புடைத்தது. கண் பிதுங்கியது. அக்கா முகத்தைத் துடைத்தாள்.

பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அடுத்த நொடி கூடமே குலுங்கியது. கைக்குட்டை டீச்சர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அக்கா அதைப் பார்த்தாள். அவள் கண்கள் பளபளத்தன. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அடுத்த வரியைச் சொன்னாள். வானொலியும் காத்திருந்தாள்.

“சத்தம் எனக்குக் கேட்கவில்லை.
காலையில் அவர் என்ன சாப்பிட்டார் என்று மட்டும் தெரிந்தது.
என் கை இவ்வளவு பேசுகிறதே,
ஒரு தடவை பாருங்களேன்.”

யாரும் ‘அச்சச்சோ’ சொல்லவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபோது சாவிக்கடைக்காரர் வேகமாக வந்தார். “பாப்பா, உங்க அக்கா அடுத்த மாசமும் வருவாங்களா?” என்று வானொலியிடம் கேட்டார்.

வானொலி அக்காவைக் கைகாட்டினாள்.

அவர் அக்கா பக்கம் திரும்பினார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, “அடுத்த மா…” என்று கத்தத் தொடங்கியவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார். பிறகு அக்காவைக் காட்டி, மேடையைக் காட்டி, இரண்டு கைகளையும் விரித்து, புருவத்தை உயர்த்தினார்.

அக்கா சிரித்தபடி கைகளைத் தூக்கிப் பதில் சொன்னாள். அவர் புரியாத இடத்தில் மறுபடி கேட்டார், அக்கா மறுபடி சொன்னாள். இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். வானொலி நாற்காலியில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டி, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.