தப்புத் தப்பாய் ஒரு பாடம்

லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோய் அரை மணி நேரமாகிவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மேல் மாடியில், வேலை முடிந்து ஆங்கிலம் படிக்க வரும் பெரியவர்கள் டீச்சரான அவளுக்காகக் காத்திருப்பார்கள். ஒருவழியாகக் கதவு விலகியது. கிரீஸ் படிந்த கை ஒன்று நீண்டது. அதைப் பிடிக்காமலே ஏறி வெளியே வந்தாள்.

"ரிப்பேர்ல இருக்கற லிஃப்டுக்கு, 'உபயோகிக்கலாம்'னு இங்கிலீஷ் போர்டை மாட்டி வச்சிருக்கீங்களே... படிக்கத் தெரியாதா?"

"தெரியாது."

ஒரே வார்த்தை. அந்த லிஃப்ட் மெக்கானிக்கின் கண்களில் கோபம்... அதற்கு அடியில் அவமானம். ஐயோ, அந்தக் கண்களை அவள் பார்க்காமலே இருந்திருக்கலாம்!

மறுநாள் மழையில் தொப்பலாக நனைந்து, வகுப்பு வாசலில் வந்து நின்றான்.

"மன்னிப்புக் கேக்க வரல. படிக்க வந்திருக்கேன்."

"நானும் கேக்கறதா இல்ல. உக்காருங்க."

கேட்டிருக்க வேண்டும்தான்... வாய் வந்தால்தானே!

அங்கே ஒரு வழக்கம். ஒரு பக்கத்தைத் திக்காமல் படித்துவிட்டால், மறுநாளே அடுத்த அறைக்கு, வேறு டீச்சரிடம் போய்விட வேண்டும். தையல்காரம்மா போனார். டாக்ஸிக்காரர் போனார். இவன் மட்டும் மாதக்கணக்கில் அதே பெஞ்சில். ஒலியைப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தாள், படம் வரைந்தாள், வார்த்தையைப் பாதி மறைத்துக் காட்டினாள். நன்றாகத்தான் ஆரம்பிப்பான்... கடைசி வரியில் உளறிக் கொட்டுவான். 'எனக்குத்தான் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை' என்று வீட்டில் அழுதாள். கடைசியில், வேலையை விடுகிறேன் என்று தலைமை டீச்சரிடம் சொல்லியும் விட்டாள்.

சொல்லிவிட்டுப் படியிறங்கினால், வாசலில் மழைக்கு ஒதுங்கிய அவன் குரல்! வாட்ச்மேன் நீட்டிய மருந்து பாட்டிலில் இருந்த பொடி ஆங்கில எழுத்தைக் கடகடவென்று படித்து, அர்த்தமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எத்தனை நாளா நடக்குது இந்த நாடகம்?"

வாட்ச்மேன் பாட்டிலோடு நழுவினார்.

"ரெண்டு மாசமா..."

"எனக்குச் சொல்லிக்கொடுக்கத் துப்பில்லைன்னு நினைச்சு, வேலையை விடறேன்னு சொல்லிட்டு வரேன்! சே!"

அவன் முகம் வெளுத்தது. பிறகு அவனுக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நல்லாப் படிச்சா அடுத்த ரூமுக்குத் தள்ளிடுவீங்க! அங்க நீங்க இருக்கீங்களா? முதல்ல திட்டினதும் நீங்கதான், ஒவ்வொரு எழுத்தா ஏத்திவிட்டதும் நீங்கதான். உங்களை விட்டுட்டுப் போக மனசு வரல. உங்களைப் பிடிச்சுப் போச்சு... போதுமா?"

மழை வலுத்தது. அவளுக்கு அழுகை வந்தது. அதுவும் கோபமாகவே வெளியே வந்தது.

"மேல வாங்க. தலைமை டீச்சர் முன்னாடி ஒரு பக்கம் முழுசாப் படிங்க. என் வேலை எனக்கு வேணும். நாளையிலேருந்து நீங்க அடுத்த ரூம்."

"அப்போ... நீங்க?"

"கிளாஸ் முடிஞ்சதும் எனக்காக இங்க நில்லுங்க. உங்களை நான் திட்ட வேண்டியது நிறைய பாக்கி இருக்கு. ஒரு நாள்ல தீராது... ஆயுசு பூரா ஆகும்!"