ஓர் ஆள் புழங்கும் தண்ணீர்

எல்லாக் குழாயும் மூடித்தான் இருந்தது. இரண்டு தடவை வீட்டைச் சுற்றிவந்து அவளே கையால் திருகிப் பார்த்துவிட்டாள். ஆனாலும் பக்கவாட்டுச் சந்தில், குளியலறை ஜன்னலுக்குக் கீழே, சிமெண்டு மூடியைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீர் மீட்டரில் நகக்கண் அளவே இருந்த சிவப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது என்று விற்கிறவர் சொன்ன வீடு. அவள் குனிந்தபடியே பார்த்துக்கொண்டிருக்க, சக்கரம் மெதுவாகி நின்றது. ஒருவர் கைகால் கழுவி முடிக்கிற நேரம்தான் அது ஓடியிருக்கும்.

விலை பேசி அட்வான்ஸ் கொடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பத்திரப் பதிவுக்கு இன்னும் ஐந்து வாரம். அட்வான்ஸ் கொடுத்ததுமே வீடு கைக்கு வந்துவிட்ட நினைப்பில் திரிகிறவர்களைக் கண்டால் வக்கீலம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "கையெழுத்துப் போடற நிமிஷம் வரைக்கும் அது உங்க வீடு இல்லம்மா, உங்க தலைவலி" என்று சொல்லி, செய்யவேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். மூலப் பத்திரங்களை அலசுவது அவர் பொறுப்பு. பேங்க் ஆள் வந்து வீட்டை மதிப்பிட வேண்டும். விவரம் தெரிந்தவரை வைத்துச் சுவர், கூரை, ஒயரிங், குழாய் எல்லாம் பார்க்க வேண்டும். கரண்டு, தண்ணீர் இணைப்புகளைப் பெயர் மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். பதிவுக்கு முதல் நாள் கடைசியாக ஒருமுறை போய், வீடு காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவரிடம் சொல்ல வேண்டும். கடைசி வரிக்குக் கீழே மட்டும் அழுத்திக் கோடு போட்டிருந்தார்.

மறுநாள் பிளம்பரைக் கூட்டிவந்தாள். வாய் ஓயாத மனுஷன். குழாய் குழாயாகக் காதை வைத்துக் கேட்டான், தரையைத் தட்டினான், மீட்டரருகே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான். சக்கரம் ஓடியது, நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஓடியது. அவன் பேச்சும் அதோடு நின்றுபோனது.

"ஒழுகுறதுன்னா விடாம ஓடும்க்கா. இது விட்டு விட்டு ஓடுது. ஆள் புழங்குற மாதிரி இருக்கு."

"வீட்ல யாருப்பா இருக்கா?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "பைப்புல காத்து அடைச்சிருக்கும், விடுங்க. போகும்போது நம்பரை எழுதி வச்சுக்குங்க, அடுத்த தடவை வரும்போது பாருங்க."

அன்றைக்கு அவன் கூலியைக்கூடப் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனான்.

அவள் ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறவள். பதினெட்டு வருடமாகக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாருக்கும் அவள் டோக்கன் மேடம். எல்லாரும் டோக்கனைப் பார்ப்பார்கள், அவளைப் பார்க்க மாட்டார்கள். குடியிருப்பது அண்ணன் வீட்டில், சமையலறையை ஒட்டிய சின்ன அறையில். யாரும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அதற்காவது யாராவது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! படிக்கும் கண்ணாடிக்குச் சிவப்புச் சட்டம் மாற்றி மூன்று வாரம் ஆகிறது, இன்னும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவள் வீடு பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் அண்ணன் மகளுக்கு அந்த அறை என்று முடிவாகி, பாதிச் சுவருக்குப் புதுப் பெயிண்டும் அடித்தாகிவிட்டது. இந்த வீடு கை நழுவினால் திரும்பிப் போய் நிற்க அவளுக்கு இடமில்லை.

விற்கிறவருக்குப் போன் செய்தாள். வீடு காட்டிய அன்றும் அவர் கேட்டுக்கு வெளியே நின்றபடியே சாவியை நீட்டியவர், அதைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. மீட்டர் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது வேறு.

"நீங்க தனியாத்தானே வர்றீங்க?"

"ஆமாங்க, சொன்னேனே."

"கூட யாரும் வந்து தங்க மாட்டாங்களே?"

"எனக்கு யாருங்க இருக்கா?"

அவர் பெருமூச்சு விட்டது நன்றாகவே கேட்டது. "அப்ப பிரச்சனை இல்லம்மா. அங்க ஒரு ஆள் இருக்கலாம்."

தினமும் வேலை முடிந்ததும் வந்து, சிவப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மீட்டர் எண்ணைச் சின்ன நோட்டில் எழுதினாள். ஒரு நாளைக்கு ஏழெட்டு வாளி. சில நாள் ஒரு வாளி கூட, சில நாள் குறைய. பெயர் மாற்றத்துக்குத் தண்ணீர் அலுவலகம் போனபோது கவுண்ட்டரில் இருந்த பெண் நோட்டை வாங்கிப் பார்த்து, "தனி ஆளுக்கு இவ்வளவுதான் ஆகும். கரெக்டா இருக்கே மேடம்" என்றாள்.

"வீட்ல யாரும் இல்லைங்க."

"அதான் நீங்க போகப்போறீங்கல்ல" என்று முத்திரை குத்தி நீட்டினாள்.

பயமாக இல்லையா என்றால், இருந்தது. ஆனால் அதைவிட வெட்கப்பட வேண்டிய ஒன்றும் இருந்தது. மூன்றாம் வாரத்தில் ஒரு மாலை, ஹாலில் வெறும் தரையில் உட்கார்ந்து, "இன்னிக்குக் கூட்டம் தாங்கல, தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்க முடியல" என்று வாய்விட்டுச் சொன்னாள். உள்ளே குளியலறையில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. காது கொடுத்துக் கேட்பதற்காக ஒருவர் கைவேலையை நிறுத்துவதுபோல நின்றது. பதினெட்டு வருடத்தில் தன் பேச்சைக் கேட்க யாரும் எதையும் நிறுத்தியதாக அவளுக்கு நினைவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அன்று இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தாள்.

அதற்குப்பிறகு வக்கீலம்மா, "குழாய் விஷயம் என்னாச்சு?" என்று கேட்டபோது, சரிபண்ணியாச்சு என்று பொய் சொன்னாள். பதிவுக்கு எட்டு நாள் இருக்கும்போது ஒரு புதுச் சோப்பையும் துண்டையும் கொண்டுபோய்க் குளியலறையில் வைத்தாள். குடிவரும்போது உதவும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பதிவுக்கு முதல் நாள், பட்டப்பகல் மூன்று மணி. தெருவில் வெயில் கொளுத்தியது, வீட்டுக்குள் ஈரத்துணி வாடை. கோடு போட்ட கடைசி வரியை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று வந்திருந்தாள். முதலில் சந்துக்குப் போய் மீட்டருக்கு அருகிலிருந்த மெயின் வால்வை இறுக்கி மூடினாள். கைப்பையையும் போனையும் கண்ணாடியையும் ஹால் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, ஒவ்வொரு குழாயாகத் திறந்து, இருந்த தண்ணீரை வடியவிட்டாள். சமையலறைக் குழாய் இருமிவிட்டு அடங்கியது. தொட்டிக் குழாய் சீறிவிட்டு நின்றது. கடைசியில் இனிச் சொட்டு விழாது என்று ஆன பிறகு, வீடு முழுக்க அவள் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. சுவிட்சுகளைப் போட்டு அணைத்தாள். அலமாரிகளைத் திறந்து பார்த்தாள். முன்னறை காலி. பின்னறை காலி.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

வாளி நிரம்புகிற சத்தம். அப்புறம் மக் வாளியில் இடித்தது. உடம்பில் தண்ணீர் ஊற்றும் சத்தம், தரையில் சிதறும் சத்தம், மறுபடி மக். அவசரமே இல்லை. வெளியே கிளம்புகிறவள் நிதானமாகக் குளிப்பதுபோல் இருந்தது.

ஓடியிருக்கலாம். வாசல் கதவு நாலெட்டில்தான் இருந்தது. ஆனால் வீடு காலி என்று வக்கீலம்மாவிடம் சொல்ல வேண்டியவள் அவள்தானே? அந்தப் பெயிண்ட் அடித்த அறையை நினைத்துக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

யாரும் இல்லை. தரை முழுக்க ஈரம். ஒரு வாரத்துக்கு முன் உறைகூடப் பிரிக்காமல் வைத்த சோப்பு, தேய்ந்து தகடாகி நுரையோடு கிடந்தது. துண்டு நனைந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். உடம்புச் சூடு. முகர்ந்தாள். அவளுடைய தலை எண்ணெய் வாசனை.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.

தட்டினாள். தோளால் மோதினாள். ஹாலில் அவள் போன் அடித்தது. மூன்று தடவை. நான்கு. நின்றது.

"சொல்லுங்க வக்கீலம்மா."

அவளுடைய குரல். அதே இழுவை, டோக்கன் எண் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்ந்த அதே தொண்டை.

"பாத்துட்டேன். எல்லாம் சரியா இருக்கு. இல்ல, யாரும் இல்ல. வீடு காலி. நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடறேன்."

அவள் கத்தினாள். வாய் திறந்தது, தொண்டை வலித்தது. ஆனால் அவள் காதில் விழுந்தது தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும்தான்.

வாசல் கதவு பூட்டப்படுவது கேட்டது. செருப்புச் சத்தம் சந்துக்குள் வந்தது. வாளியைக் கவிழ்த்து ஏறி, ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே பார்த்தாள். நேர் கீழே, ஈரத் தலையோடு ஒருத்தி. தோளில் இவள் கைப்பை. இவள் வகிடு எடுக்கும் இடத்திலேயே அவளுக்கும் வகிடு. அண்ணன் வீட்டுக்கு இன்றைக்குப் போகப்போகிறவள். தட்டில் மூடிவைத்ததைச் சாப்பிட்டுவிட்டு அந்தச் சின்ன அறையில் படுக்கப்போகிறவள். அங்கே ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. தெரியவே தெரியாது.

இவள் ஜன்னலில் அறைந்தாள். கண்ணாடிப் பட்டை அதிரவில்லை. குழாயைத் திருகினாள். மூடிய வால்வையும் மீறித் தண்ணீர் கொட்டியது.

கீழே நின்றவள் சிமெண்டு மூடியைத் தூக்கினாள். பையிலிருந்து சிவப்புச் சட்டக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள். மீட்டரில் சக்கரம் சுற்றியது. அவள் நோட்டைத் திறந்து, எண்ணை எழுதி, ஒருமுறை சரிபார்த்து, மூடியை வைத்துவிட்டு, ஜன்னலை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டைச் சாத்திக்கொண்டு போனாள்.